பிறருக்கு ஊழியம் செய்யப் போகிறவர்களுக்கு: குணம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் எங்கள் சேகரத்திலிருந்து, அதாவது ஒரே போதகரின் கீழுள்ள கிறிஸ்தவ சபைகளிலிருந்து, ஒரு சிறு குழுவாக, படுக்கையில் கிடப்பவர்களையும் தனியாக இருக்கும் வயசாளிகளையும் பார்க்கப் போய்வருகிறோம். சில சனிக்கிழமைகளில் ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி, மற்ற நாட்களில் வீடுகள். புதிதாக வருகிறவர்கள், அதிலும் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதைவிட, எப்படிப்பட்ட ஆளாகப் போய் அந்த வாசலில் நிற்பது என்பதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் கோபக்காரன். குணம் திருந்தின பிறகுதான் ஊழியத்துக்கு வரவேண்டுமா?

இல்லை, இப்போதே வாருங்கள். திருந்தி முடித்தவர்கள்தான் வரவேண்டும் என்றால் இந்த ஊரில் சபையே தொடங்கியிருக்காது. குளோரிந்தாள் கதையை நினைத்துப் பாருங்கள். கணவனை இழந்த பிராமணப் பெண், ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அந்த உறவைக் காரணம் காட்டி மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல்தான் கொடுத்தார். இரண்டு பக்கத்தாரும் குறை சொல்லக்கூடிய வாழ்க்கை அது. அவர்தான் 1785-ல் பாளையங்கோட்டையில் ஆலயம் கட்டினார். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று இன்றைக்கும் சொல்கிறோம்.

கலாத்தியர் நிருபத்தில் பவுல் 'மாம்சத்தின் கிரியைகள்' என்று சொல்லிவிட்டு, அடுத்து 'ஆவியின் கிரியைகள்' என்று சொல்லவில்லை. 'ஆவியின் கனி' என்கிறார். கிரியையை இன்றைக்கே செய்து முடிக்கலாம். கனிக்கு நாள் வேண்டும். பனையைச் சுற்றி வாழ்கிற நமக்கு இதை விளக்கவே வேண்டாம். கொட்டை ஊன்றியவர் அந்த மரத்துப் பதநீரைக் குடிக்கப் பல வருஷம் காத்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. வீட்டில் சண்டை போட்டுவிட்டு அதே சூட்டோடு நோயாளியைப் பார்க்கப் போகாதீர்கள். அந்த வாரம் வராமலிருந்தால் யாரும் தப்பாக நினைக்கமாட்டோம். முகம் சுளித்தபடி ஊட்டுகிற கஞ்சி தொண்டையில் இறங்காது.

எந்தெந்தக் குணங்கள்? பட்டியல் இருக்கிறதா?

வேதத்திலேயே இருக்கிறது. கலாத்தியர் 5-ல் அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என ஒன்பது. கொலோசெயர் 3-ல் உருக்கமான இரக்கம், தயவு, மனத்தாழ்மை, சாந்தம், நீடிய பொறுமை. ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்தவைதான்.

கொலோசெயரில் ஒரு வார்த்தையை நான் விடமாட்டேன்: 'தரித்துக்கொண்டு'. துணி உடுத்துவது போல இந்தக் குணங்களை உடுத்திக்கொள்ளச் சொல்கிறார் பவுல். யோவான் 13-ல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவுமுன் என்ன செய்தார்? மேல் வஸ்திரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு சீலையை அரையிலே கட்டிக்கொண்டார். ஒன்றைக் கழற்றினால்தான் இன்னொன்றைக் கட்ட முடியும். நம் வேலை, படிப்பு, சேகர கமிட்டிப் பதவி எல்லாவற்றையும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவதைத்தான் நான் மனத்தாழ்மை என்று புரிந்துகொள்கிறேன். அதனால் பட்டியலில் எது முதல் என்று கேட்டால் மனத்தாழ்மை என்பேன். அது இல்லாமல் செய்கிற இரக்கம், வாங்குகிறவரைக் குறுக வைத்துவிடும்.

மனத்தாழ்மை என்றால் நடைமுறையில் என்ன செய்யவேண்டும்?

முதலில் கேட்கவேண்டும்.

இதை ஒரு பாட்டியிடம் கற்றுக்கொண்டேன். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. மகள் வேலைக்குப் போய்விடுவாள். முதல் தடவை நாங்கள் ஒரு பாட்டில் ஹார்லிக்ஸ், ஆரஞ்சுப் பழம், பெரிய எழுத்து சங்கீதப் புத்தகம் எல்லாம் கொண்டுபோனோம். பாட்டு பாடினோம், ஜெபம் பண்ணினோம். பாட்டி கும்பிட்டார். புறப்படும்போது நான் சும்மா, "வேற எதாவது வேணுமா பாட்டி?" என்றேன். அவர் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்பு உரல், பக்கத்தில் உலக்கை. "பல்லு இல்ல. ஒரு வெத்தல இடிச்சித் தாரியா மக்கா? அவ வர ராத்திரி ஆயிரும்."

மடியில் துணி விரித்து உட்கார்ந்து இடித்தேன். காம்பு கிள்ளி, நரம்பு உரித்து, சுண்ணாம்பு எவ்வளவு என்று அவர் விரல் நுனியில் காட்ட, பாக்கைத் தனியாக முதலில் நொறுக்கச் சொல்லி, நான் இடிப்பது போதாது என்று உரலுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னும் மைய" என்று வேலை வாங்கினார். ஜெபம் பண்ணுகிறபோது கண்ணை மூடிக் கிடந்தவர், அப்போதுதான் நாங்கள் எந்த ஊர், யார் மக்கள் என்றெல்லாம் கேட்டார். சீவல் போட்டால் ஏன் ருசி இல்லை என்று சொன்னார். அந்த அரை மணி நேரம் அவர்தான் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர், நான் விருந்தாளி.

பர்திமேயு குருடன் என்பது எரிகோவில் எல்லாருக்கும் தெரியும். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே தேவையில்லை. ஆனாலும் இயேசு, 'நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?' என்று கேட்டார். அவன் வாயாலே சொல்ல விட்டார். அந்த வசனத்தை எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன், எனக்கு அது புரிந்தது உரலுக்கு முன்னால்தான்.

ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் இருக்கலாம்?

அந்த வீட்டைப் பார்த்து முடிவு செய்யவேண்டும். பீடி சுற்றுகிற வீடுகளுக்குப் போகிறோம். மடியில் சொளகு (முறம்), அதில் வெட்டின இலை, தூள், நூல். எண்ணிக்கைக்குத்தான் கூலி. நாம் போய் உட்கார்ந்தால் மரியாதைக்காகச் சொளகை இறக்கி வைப்பார்கள். நாம் நாற்பது நிமிஷம் பாடி, சாட்சி சொல்லி, நீளமாக ஜெபித்துவிட்டு எழுந்தால், அந்த நாற்பது நிமிஷத்துக் கூலி யாருடையது? இரக்கம் காட்டப் போய் அவர்கள் கூலியைக் குறைத்துவிட்டு வருகிறோம். "கைவேலையை விடாதீங்க, அப்படியே பேசுவோம்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். எங்களில் ஒரு அக்கா இலை வெட்டத் தெரிந்தவர். போனதும் கத்தரியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். அவரை மட்டும் எல்லா வீட்டிலும் திரும்ப வரச் சொல்கிறார்கள்.

இச்சையடக்கம் என்றால் குடி, சூது இவற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். பேச்சுக்கும் அது உண்டு.

உதவி செய்கிறபோது போட்டோ எடுக்கலாமா? கொடுத்தவர்களுக்குக் காட்டவேண்டாமா?

கூடாது. இதில் எங்கள் கைகளும் சுத்தமில்லை, சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு வந்தது. தண்ணீர் வடிந்ததும் நாங்களும் அரிசிப் பையோடு போனோம். ஒரு தெருவில் வரிசையாக நிற்க வைத்துக் கொடுத்தோம். எங்களில் ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். ஒரு அம்மா பையை வாங்க நீட்டிய கையை அப்படியே நிறுத்தி, மற்றக் கையால் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, பிறகு வாங்கினார். சேறு காயாத சேலை. அவர் வீட்டுக் கல்யாணங்களில் அவரே எத்தனை பேருக்குச் சோறு பரிமாறியிருப்பாரோ. அந்தப் படத்தை அழித்துவிட்டோம். அவர் மனசில் பட்டதை அழிக்க எங்களுக்கு வழியில்லை.

வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்று ஆண்டவர் சொன்னதை நம்முடைய பெருமைக்குப் போட்ட கடிவாளமாகத்தான் பிரசங்கத்தில் கேட்கிறோம். வாங்குகிறவரின் முகத்துக்கு அது ஒரு திரை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தோனாவூருக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1901-லிருந்து அங்கே அத்தனை ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்தவர். 1951-ல் இறந்தபோது தன் கல்லறைமேல் பெயர் பொறித்த கல் வைக்கவேண்டாம் என்று சொல்லியிருந்தார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டிதான் அங்கே நிற்கிறது. நன்கொடை கொடுத்தவர்களுக்குக் கணக்கைக் காட்டுங்கள், முகத்தைக் காட்டவேண்டாம்.

வேறு மதத்தார் வீட்டுக்குப் போனால் சுவிசேஷம் சொல்லலாமா?

நான் கிறிஸ்தவள். இயேசு இல்லாவிட்டால் நான் இந்த வேலைக்கே வந்திருக்கமாட்டேன், அதை மறைக்கவும் மாட்டேன். யாராவது "ஏம்மா இதெல்லாம் செய்யுற?" என்று கேட்டால் சொல்வேன். ஆனால் அரிசிப் பைக்கும் ஜெபத்துக்கும் முடிச்சுப் போடக்கூடாது. பசியோடு இருக்கிற மனுஷன் "ஆமென்" சொல்வது விசுவாசத்தினாலா, அரிசிக்காகவா என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சோதனைக்குள் ஒருவரைத் தள்ளுவது அன்பு அல்ல. உண்மையும் அல்ல. ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால், பேசிவிட்டு வாருங்கள். அடுத்த வாரமும் போங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே மழையில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நடுவழியில் நின்றுவிட்டது. சுற்றிலும் வெள்ளம். பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து, கோயிலில் வைத்துப் பொங்கி, முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் போட்டார்கள். அவர்கள் வீடுகளும்தான் மழையில் இருந்தன. நல்ல சமாரியன் உவமையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போக, வேற்று ஜனத்தான் ஒருவன் காயம் கட்டினான் என்றுதான் இயேசு சொன்னார். நம்மிடம் மட்டும்தான் இரக்கம் இருக்கிறது என்ற நினைப்போடு யார் வீட்டுக்கும் போகாதீர்கள்.

எங்கள் குழுவில் சிலர் சில தெருக்களுக்கு வர மறுக்கிறார்கள். வந்தாலும் தண்ணீர் குடிப்பதில்லை.

வெளிப்படையாகப் பேசுவோம், இது சாதி. திருநெல்வேலிச் சபைக்குள்ளும் இருக்கிறது, கல்லறைத் தோட்டம் வரைக்கும் இருக்கிறது. ஒருமுறை ஒரு தெருவில் ஐந்து வீடு போனோம். எங்களோடு வந்த ஒருவர் ஐந்து வீட்டிலும் "இப்பதான் காபி குடிச்சோம்" என்றார். ஐந்தாவது வீட்டுக்காரர் டம்ளரை நீட்டாமலே, "நீங்க குடிக்கமாட்டீங்க, தெரியும்" என்று சொல்லி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கொண்டுபோன பழத்தை என்ன செய்தார்களோ, எனக்குத் தெரியாது. நான் அன்றைக்கு அந்த டம்ளரைக் கேட்டு வாங்கியிருக்கவேண்டும். வாங்காமல் நின்றுவிட்டேன். எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். அவர் 1910-ல் எடின்பரோ மாநாட்டில், உலகமெங்கும் இருந்து வந்த மிஷனெரிகள் முன்னால் என்ன பேசினார்? ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரத்தைக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அன்பைப் பற்றிப் பவுல் எழுதிய ஒன்று கொரிந்தியர் 13-ஐ எடுத்து, உதவி செய்த வெள்ளைக்காரர் முகத்துக்கு நேரே வைத்தார். கொடுத்தவர்கள் சமமாக உட்காரவில்லை என்பதுதான் அவருடைய மனத்தாங்கல். அந்த வார்த்தைகளை இன்றைக்கு நம்மைப் பார்த்துச் சொல்ல இந்த மாவட்டத்தில் எத்தனை தெருக்கள் இருக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

எங்கள் குழுவில் இப்போது ஒரே ஒரு விதி வைத்திருக்கிறோம். கொடுக்கிற தண்ணீரைக் குடிப்போம். முடியாதவர்கள் வரவேண்டாம்.

பணமாகக் கேட்டால் கொடுக்கலாமா?

குழுவின் பணத்திலிருந்து என்றால் தனியாக முடிவெடுக்காதீர்கள். இரண்டு பேர் சேர்ந்து பேசுங்கள், நோட்டில் எழுதுங்கள். மருந்துச் சீட்டு இருந்தால் கடையில் நீங்களே கட்டிவிடுவது நல்லது. காணிக்கைப் பையை ஒருவர் மட்டும் எண்ணக்கூடாது என்று கோயிலில் வைத்திருக்கிற அதே ஒழுங்குதான். உண்மை என்பதும் ஒரு நற்குணம்தானே, அது நோட்டுப் புத்தகத்தில் தெரியவேண்டும்.

எங்களுக்கே வசதி இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும்?

உங்கள் ஆச்சியிடம் கைப்பிடி அரிசியைப் பற்றிக் கேளுங்கள். உலை வைக்குமுன் ஒரு பிடி அள்ளித் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். வசதி உள்ள வீட்டுப் பிடியும் கூலிக்குப் போகிற வீட்டுப் பிடியும் ஒரே சாக்கில் விழும். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, நம் ஆட்கள் தெலுங்கு நாட்டில் தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பியது வெளிநாட்டுப் பணத்தில் இல்லை. இப்படிப்பட்ட வீடுகளின் காணிக்கையில்தான்.

உடம்பால் வர முடியாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரியின் பெயருக்குரிய அந்த அம்மையார் இந்தியாவுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. இங்கிலாந்தில் இருந்தபடியே நம் ஊர்ப் பெண்பிள்ளைகளின் படிப்பைத் தன் கவலையாக எடுத்துக்கொண்டார்.

நாங்கள் உதவி செய்த ஒருவர் எங்களை ஏமாற்றிவிட்டார். இனி ஏன் செய்யவேண்டும்?

இயேசு சுகமாக்கின பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன்தான் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேருக்குக் கொடுத்த சுகத்தை ஆண்டவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த முறை விசாரித்துச் செய்யுங்கள், ஆனால் அந்த ஒருவரின் பொய்யை அடுத்த வீட்டுக்காரர் தலையில் சுமத்தாதீர்கள்.

சில நாட்களில் ஒன்றுமே பிடிக்கவில்லை. ஜெபிக்கவும் முடியவில்லை. நான் விசுவாசத்தில் குறைந்துபோனேனா?

களைத்துப் போயிருக்கிறீர்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ்ப் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்றபோது, தூதன் வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை. எழுந்து சாப்பிடு என்றான். தலைமாட்டில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொண்டான், தூதன் அதையும் விட்டுவிட்டான். இரண்டாம் தரம் எழுப்பியபோதும் சாப்பாடுதான். பேச்செல்லாம் அதற்கு அப்புறம், ஓரேப் மலையில்.

நம் சபைகளில் ஊழியம் செய்கிறவர்களை, அதிலும் பெண்களை, தூங்க விடுவதில்லை. வீட்டு வேலை முடித்து, வேலைக்குப் போய், சங்கக் கூட்டத்துக்கும் வந்து, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வெங்காயமும் உரித்து, அதற்குமேல் முகமும் மலர்ந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். சந்தோஷமும் ஆவியின் கனிதான். ஆனால் அதைத் தூக்கமில்லாத ஆளிடமிருந்து பிடுங்கக்கூடாது. ஒரு மாதம் ஒதுங்கியிருங்கள். குழுவில் இருக்கிற மற்றவர்கள் உங்கள் வீட்டுக்கு ஒரு தூக்குவாளி குழம்போடு வரட்டும். உதவி வாங்கிக்கொள்வதற்கும் மனத்தாழ்மை வேண்டும், கொடுத்தே பழகியவர்களுக்கு அது ரொம்பக் கஷ்டம்.

வீட்டில் இருக்கிற மாமியாரைப் பார்க்காமல் ஊரில் உள்ளவர்களைப் பார்க்கப் போவது சரியா?

சரியில்லை. முதலில் அவர்கள்.

முதல் நாள் வருகிறேன். என்ன செய்யவேண்டும்?

பழகின ஒருவரோடு சேர்ந்து வாருங்கள். ஆஸ்பத்திரி என்றால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மல்லிகைப்பூவும் சென்ட்டும் இல்லாமல் வாருங்கள், வாந்தி வருகிறவர்களுக்கு அந்த வாசனை ஆகாது. கட்டிலில் உட்காராதீர்கள். ஸ்டூல் இருந்தால் இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். நின்றுகொண்டு பேசினால் அவர் கழுத்தைத் தூக்கிப் பார்க்கவேண்டியிருக்கும். என்ன வியாதி என்று துருவாதீர்கள். "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லவே சொல்லாதீர்கள், துன்பத்தில் கிடந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். கூட இருந்து பார்க்கிற மகளையோ மருமகளையோ, "நீங்க போய்க் குளிச்சிட்டு, ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, நான் இருக்கேன்" என்று அனுப்பி வையுங்கள். அநேக நேரம் அந்த வார்டில் அதிக உதவி தேவைப்படுகிறவர் கட்டிலில் படுத்திருப்பவர் அல்ல, கீழே பாயில் உட்கார்ந்திருப்பவர்.

புறப்படும்போது, மறுபடி வர முடியும் என்றால் மட்டும் நாள் சொல்லுங்கள். அந்தப் பாட்டியிடம் நான் "புதன்கிழமை வாரேன்" என்று சொல்லிவிட்டு, வேறு ஜோலியில் வெள்ளிக்கிழமைதான் போனேன். வெற்றிலை தட்டில் வாடிக் கிடந்தது. காம்பெல்லாம் கிள்ளி வைத்திருந்தார்.